டர்பன் பக்கம் ஜெனெட் கணக்கெடுக்க கேமரா வைப்பது

சாட்ஸ்வர்த், டொங்காட் பக்கம் கரும்புத் தோட்ட ஓடைகளில் இரவில் ஜெனெட்டும் (புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த, உடலில் புள்ளிகள் உள்ள சிறு விலங்கு) நீர்க்கீரியும் நடமாடும். இடத்துக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டு, ஒற்றையடிப் பாதையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், அசைவு கண்டால் தானே படமெடுக்கும் கேமராவைக் கட்டுங்கள். உயரமாகக் கட்டினால் முதுகுதான் விழும்.

இங்கே சூரியன் வடக்கே சாய்வதால் லென்ஸ் தெற்கே பார்க்கட்டும். வட கோளத்துக்காரர்கள் எழுதிய குறிப்பைப் பார்த்து வடக்கே திருப்பினால் வெயில் நேரே அடித்துப் படம் வெளுத்துவிடும்.

முன்னால் ஆடும் புல்லை அறுத்துவிடுங்கள். சோம்பல்பட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் கேமரா படமெடுத்து, கார்டு வெறும் புல்லால் நிறையும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். அது பிசகினால் பதிவே வீண்.

ஜெனெட்டை உடல் புள்ளிகளை வைத்துத்தான் ஆள் பிரிக்க முடியும். இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் வேறுவேறு என்பதால் பாதைக்கு இருபுறமும் ஒவ்வொரு கேமரா தேவை. ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் கண்ணைக் கூசச் செய்யாதபடி சற்றே விலக்கி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரே விலங்கை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

கோழிக்கால், மீன்தலை எதுவும் வைக்காதீர்கள். இரை வைத்தால் வழக்கமாக வராத விலங்கும் வரும், கணக்கு கெடும். ஒன்றும் சிக்காத இரவுகளையும் எழுதி வையுங்கள்.