பிளே-ஆஃப் வாய்ப்பைக் கணக்கிடுவதும் அணியின் தேவையை அறிவதும்: சென்னையின் எஃப்.சி. ரசிகருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையின் எஃப்.சி. அணி 2022-23, 2023-24, 2024-25 ஆகிய மூன்று பருவங்களிலும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் லீக் சுற்றை 27 புள்ளிகளுடன் முடித்தது. ஒரே எண்தான், ஆனால் முதல் பருவத்தில் அது எட்டாவது இடத்தைத் தந்தது, இரண்டாவது பருவத்தில் ஆறாவது இடத்தையும் பிளே-ஆஃப் (லீக் சுற்றுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்று) வாய்ப்பையும் தந்தது, மூன்றாவது பருவத்தில் பதினோராவது இடத்தில் நிறுத்திவிட்டது. நம் அணி தேறுமா, தேறாதா என்று ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நாம் பேசுகிற பேச்சில் பெரும்பகுதி புள்ளிப் பட்டியலின் கடைசி நிரலை மட்டும் பார்த்து எழுவது என்பதால், அந்தக் கணக்கை எப்படிச் சரியாகப் போடுவது, அதிலிருந்து அணிக்கு எந்த வீரர் தேவை என்ற முடிவுக்கு எப்படி வருவது என்பதைப் பல பருவங்களாக நான் பின்பற்றிவரும் முறையின்படி இங்கே எழுதுகிறேன். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். பேனாவை விடப் பென்சில் நல்லது, ஏனெனில் அழித்து எழுத வேண்டிய இடங்கள் நிறைய வரும்.

முதலில் விதி, பிறகு விகிதம்

பருவம் தொடங்கும்போது அந்தப் பருவத்தின் போட்டி முறையை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2021-22 வரை முதல் நான்கு அணிகள் மட்டுமே அரையிறுதிக்குச் சென்றன. 2022-23 முதல் ஆறு அணிகளுக்கு இடம் கிடைத்தது: முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போக, மூன்றாவது அணி ஆறாவது அணியுடனும், நான்காவது அணி ஐந்தாவது அணியுடனும் மேலிடத்து அணியின் மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் மோதின. அணிகளின் எண்ணிக்கை மாறினால் ஆட்டங்களின் எண்ணிக்கையும் மாறும். மேலே சொன்ன மூன்று பருவங்களில் ஒவ்வோர் அணியும் முறையே 20, 22, 24 ஆட்டங்கள் ஆடியது. 27 என்ற எண் நம்மை ஏமாற்றியதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற விகிதத்தை எடுங்கள். சென்னையின் விகிதம் அந்த மூன்று பருவங்களில் 1.35, 1.23, 1.13 என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஆறாவது இடத்தைப் பிடித்த அணி 2022-23-இல் ஒடிசா, 30 புள்ளிகள். 2024-25-இல் மும்பை சிட்டி, 36 புள்ளிகள். இரண்டுக்கும் விகிதம் சரியாக 1.5 வருகிறது. 2023-24-இல் அதே விகிதத்தில் 33 புள்ளிகள் எடுத்த கேரளா பிளாஸ்டர்ஸ் ஐந்தாவதாக வந்தது, 1.23 விகிதத்தில் நாம் ஆறாவதாக உள்ளே நுழைந்தது அந்தப் பருவத்தில் மற்றவர்கள் தடுமாறியதால் கிடைத்த வாய்ப்பு. மூன்று பருவங்களிலும் 1.5 எடுத்த அணி வெளியே நிற்கவில்லை என்பதால், அதையே இலக்காக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

கையில் வைத்துக்கொள்ள இன்னும் எளிய வடிவம் ஒன்று உண்டு: நான்கு ஆட்டங்களுக்கு ஆறு புள்ளிகள். வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்பதால், இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்றாலும் ஆறு. ஒரு வெற்றி, மூன்று டிரா என்றாலும் ஆறு. என் நோட்டில் நான்கு ஆட்டங்களுக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கட்டத்தின் கீழே கிடைத்த புள்ளியையும், ஆறிலிருந்து அது எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதையும் எழுதுவேன். ஒரு வாரத்துத் தோல்வி அவ்வளவு பெரிதாகத் தெரியாது. டிரா தரும் பொய்யான நிம்மதியும் இருக்காது. 2020-21 பருவத்தில் சாபா லாஸ்லோவின் பயிற்சியில் நம் அணி 20 ஆட்டங்களில் ஆறில் மட்டுமே தோற்றது. ஆனால் 11 டிரா ஆடி, மூன்றே வெற்றிகளுடன் 20 புள்ளிகளில் எட்டாவதாக நின்றது. தோற்காமல் இருக்கிறோமே என்று அப்போது நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டது கணக்கில் எடுபடவில்லை.

பருவத்தின் நடுவில் நம்பிக்கை இருக்கிறதா என்று பார்க்க, இலக்குப் புள்ளியிலிருந்து கையிலுள்ள புள்ளியைக் கழித்து, மீதமுள்ள ஆட்டங்களால் வகுங்கள். 2019-20-இல் அணி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல், ஆறு ஆட்டங்களின் முடிவில் ஐந்து புள்ளிகளுடன் இருந்தது. பயிற்சியாளர் ஜான் கிரகரி விலக, ஓவன் காயில் பொறுப்பேற்றார். 18 ஆட்டங்களில் 27 புள்ளிகள் இலக்கு என்றால், மீதமிருந்த 12 ஆட்டங்களில் 22 தேவை, அதாவது ஆட்டத்துக்கு 1.83. கடினம், ஆனால் நடக்கக்கூடியது. அணி அந்த 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள் சேர்த்து, 29 புள்ளிகளுடன் நான்காவதாக முடித்து, இறுதி ஆட்டம் வரை சென்றது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. லீக் சுற்றில் முதலிடம் பெற்ற அணிகளே 2022-23 முதல் 2024-25 வரையிலான மூன்று பருவங்களில் 2.2-க்கும் 2.3-க்கும் அருகில்தான் எடுத்திருக்கின்றன. 2024-25-இல் மோகன் பகான் 24 ஆட்டங்களில் எடுத்த 56 புள்ளிகளும் 2.33 தான். எனவே தேவைப்படும் விகிதம் 2.3-ஐத் தாண்டும் நாளில், முதலிடத்து அணியைப் போல ஆடினாலும் போதாது என்று பொருள். அன்றிலிருந்து இளம் வீரர்களுக்கு ஆட்ட நேரம் கொடுக்கச் சொல்லிக் கேட்பதே அணிக்கு நாம் செய்யும் நன்மை.

அண்டை இடத்து அணியுடன் ஆடும் ஆட்டம்

அட்டவணை வந்தவுடன், ஐந்து முதல் எட்டாவது இடத்துக்குள் வரக்கூடும் என்று நீங்கள் கருதும் அணிகளுடனான ஆட்டங்களை வட்டமிடுங்கள். காரணத்தை ஓர் ஆட்டத்தின் மூலம் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 9 அன்று மெரினா அரீனா என்று நாம் அழைக்கும் சென்னை ஜவஹர்லால் நேரு மைதானத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் ஆட்டம். ஆகாஷ் சங்வான் இடைவேளைக்குச் சற்று முன்பு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் ஜிதின் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அங்கித் முகர்ஜி அடித்த கோலில் 2-1 என்று வென்றோம். பருவ முடிவில் நாம் 27, அவர்கள் 26. அந்தக் கடைசிக் கோல் விழாமல் ஆட்டம் டிராவாகியிருந்தால் நாம் 25, அவர்கள் 27. மூன்றாம் இடத்திலிருந்த கோவா அணியுடன் பிளே-ஆஃப் ஆடியிருப்பது அவர்களாக இருக்கும். ஒரே கோல் நமக்கு இரண்டு புள்ளிகளைக் கூட்டி, அவர்களிடமிருந்து ஒன்றைக் குறைத்தது. புள்ளிகள் சமமானால் அந்தப் பருவங்களில் இந்த லீக்கில் முதலில் பார்க்கப்பட்டது அந்த அணிகள் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் முடிவுதான் என்பதால், வட்டமிட்ட ஆட்டங்களின் எடை இன்னும் கூடியது.

யார் வர வேண்டும் என்பதற்கு முன், யார் போகக் கூடாது

இங்கேதான் என் கருத்து பல நண்பர்களின் கருத்திலிருந்து மாறுபடுகிறது. டிரான்ஸ்பர் காலம் திறந்தவுடன் புதிய பெயர்களின் பின்னால் ஓடுகிறோம். ஆனால் நம் அணியின் வரலாற்றைப் புரட்டினால், பெரிய சரிவுகள் எல்லாம் நல்ல பருவத்துக்கு அடுத்த பருவத்தில்தான் வந்திருக்கின்றன. 2018 மார்ச்சில் பெங்களூருவில், அந்த ஊர் அணியையே 3-2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பையைத் தூக்கிய அணி, அடுத்த பருவத்தில் ஒன்பதே புள்ளிகளுடன் கடைசி இடத்துக்குப் போனது. 2019-20-இல் 15 கோல்கள் அடித்து அந்தப் பருவத்தில் அதிகக் கோல் அடித்தவர்களில் ஒருவரான நெரியுஸ் வால்ஸ்கிஸ், காயிலுடன் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றார். ஆந்த்ரே ஷெம்ப்ரியும் விலகினார். எஞ்சியிருந்த ரஃபேல் கிரிவெல்லாரோ பருவத்தின் நடுவே காயமடைந்தார். அந்த 2020-21 பருவத்தில் மொத்த அணியும் சேர்ந்து 20 ஆட்டங்களில் அடித்தது 17 கோல்கள். முந்தைய பருவத்தில் ஒரே மனிதர் அடித்ததை விட இரண்டே அதிகம்.

எனவே பருவம் முடிந்த வாரமே ஒரு பக்கத்தை இரண்டு நிரலாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அணியின் ஒவ்வொரு கோலையும், அதை அடித்தவர், கொடுத்தவர் பெயருடன் எழுதுங்கள். வலப்பக்கம் அவர்களில் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, யாரை வேறு அணி கேட்கிறது என்று குறியுங்கள். வெளியேறக்கூடியவர்களின் பெயரை மெல்லிய கோட்டால் அடித்துவிட்டு, எத்தனை கோல் மீதமிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் கீழே போனால், அந்த அணிக்கு வேண்டியது அலங்காரமான புதுப் பெயர் அல்ல. இருப்பவரைத் தக்கவைக்கும் முயற்சி, அது இயலாதபோது அதே வேலையைச் செய்யக்கூடிய ஒருவர். இங்கேயே வளர்ந்து நடுகளத்தின் முதுகெலும்பாக இருந்த அனிருத் தாப்பா 2023-இல் மோகன் பகானுக்குச் சென்றபோது ஏற்பட்ட வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. அந்த வருத்தத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அவரைப் போல எதிரணியின் பந்தைப் பறித்து உடனே முன்னோக்கிக் கொடுக்கும் இந்திய நடுகள வீரர் எளிதில் கிடைப்பதில்லை.

கோல்களை எழுதும்போது அவை எப்படி வந்தன என்பதையும் ஓர் எழுத்தால் குறியுங்கள்: கார்னரா, ஃப்ரீகிக்கா, பெனால்டியா, ஓட்டத்தில் வந்ததா. 2018 இறுதி ஆட்டத்தில் மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி அடித்த இரண்டு கோல்களும் கார்னரிலிருந்து வந்தவை. கார்னர் உதைப்பவரும், அதை எட்டி முட்டும் உயரமான தடுப்பாட்டக்காரரும் சேர்ந்த ஒரு இணை ஒரு பருவத்தில் எத்தனை புள்ளிகளைக் கொண்டுவரும் என்பது இப்படிக் குறித்து வைத்தவர்களுக்குத்தான் தெரியும். தடுப்பாட்டக்காரரைத் தேடும்போது அதையும் கேட்க வேண்டும்.

ஏழு இந்தியர்களின் கணக்கு

நான் பேசும் அந்த மூன்று பருவங்களிலும் ஓர் அணி ஆறு வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்யலாம்; களத்தில் ஒரே நேரத்தில் நால்வர்தான் நிற்கலாம் என்ற விதி இருந்தது. அப்படியானால் எந்த நொடியிலும் களத்தில் குறைந்தது ஏழு இந்தியர்கள். நம் பேச்சு முழுவதும் அந்த நால்வரைச் சுற்றியே நடக்கிறது, ஆட்டத்தை முடிவு செய்வதோ பெரும்பாலும் அந்த ஏழு பேரின் தரம்.

ஒரு பக்கத்தில் பதினொரு இடங்களையும் களத்தில் நிற்கும் வரிசையிலேயே வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் முதல் வீரரையும் அவருக்கு மாற்றானவரையும் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு இடங்களில் வந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. வலது ஓரத் தடுப்பாட்டக்காரருக்குக் காயம் என்றதும் நடுகளத்திலிருந்து ஒருவரை அங்கே இழுத்தால், ஒரு காயம் இரண்டு இடங்களைக் கெடுக்கிறது. தமிழ்நாட்டுக்காரரான எட்வின் சிட்னி வான்ஸ்பால் நடுகளத்திலும் வலது ஓரத்திலும் மாறி மாறி நின்று பல ஆட்டங்களில் அணியைக் காப்பாற்றினார். அப்படி ஒருவர் இருப்பது பலம், அவரை மட்டுமே நம்பியிருப்பது பலவீனம்.

மைதானத்துக்குச் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு பத்து நிமிடங்கள் பந்தைப் பார்க்காமல் நம் ஓரத் தடுப்பாட்டக்காரரை மட்டும் பாருங்கள். பந்து எதிரணியிடம் மாறியதும் அவர் திரும்பி ஓடுகிறாரா, அல்லது இரண்டு எட்டு நடந்துவிட்டு ஓடத் தொடங்குகிறாரா, இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா என்று கவனியுங்கள். சென்னையின் புழுக்கத்தில் அந்த இரண்டு எட்டுத்தான் கோலாக மாறுகிறது. தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் இது தெரியாது. இருக்கையிலிருந்து பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். மாற்று வீரர் எந்த இடத்துக்கு உடனடியாக வேண்டும் என்பதை எனக்கு எண்களை விட இந்தப் பத்து நிமிடங்களே அதிகமாகச் சொல்லியிருக்கின்றன.

உள்ளூர் வீரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியாசர்பாடியில் பந்து பழகிய தனபால் கணேஷ், 2018 அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் கோல் அடித்தவர். அதற்குப் பிறகு நந்தகுமார் சேகர் ஈஸ்ட் பெங்கால் அணிக்கும், சிவகங்கை மாவட்டத்துச் சிவசக்தி நாராயணன் பெங்களூருவுக்கும் ஆடிப் பெயர் பெற்றதைப் பார்த்தோம். சிவசக்தி 2022-23-இல் லீக்கின் சிறந்த வளரும் வீரராகத் தேர்வானார். தமிழ் வீரர்கள் நம் நீலச் சீருடையில் ஆட வேண்டும் என்று நான் கேட்பதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதே நேரத்தில், தரமான இந்திய முன்கள வீரர் கிடைப்பதே அரிதான லீக்கில், நம் வாசலில் வளர்கிறவரை முதலில் நாமே கண்டுகொள்வது அணிக்கு நேரடியான ஆதாயம்.

இவ்வளவையும் எழுதி முடித்தால், தேவைப் பட்டியலில் மூன்று வரிகளுக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பருவங்களின் 27 புள்ளிகளையும் பார்த்த பிறகு என் பட்டியலில் நிற்பவை இவை: ஒரு பருவத்தில் பத்துக் கோலுக்கு மேல் அடிக்கக்கூடிய, குறைந்தது இரண்டு பருவ ஒப்பந்தத்துடன் வரும் முன்கள வீரர், தடுப்பாட்டத்துக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கும் இந்திய நடுகள வீரர், இரு ஓரங்களுக்கும் உண்மையான மாற்று வீரர்கள். டிரான்ஸ்பர் காலம் மூடும் நாளில் இந்த மூன்று வரிகளில் எத்தனை நிறைவேறியது என்று எதிரே பென்சிலால் குறித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் முதல் நான்கு ஆட்டங்களுக்கான கோட்டைப் போடுங்கள்.