விங் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள்

டிரம்ஸ் அடி வாங்கிக் கெடுவது குறைவு. வாசிக்காத நேரத்தில் நாம் செய்யும் கைவேலைதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது.

முதல் பலி சிம்பல், அதாவது ஸ்டாண்டில் மாட்டி அடிக்கும் உலோகத் தட்டு. ஸ்டாண்டில் ஆடுகிறதே என்று, மேலே கையால் திருகும் இறக்கை வடிவ விங் நட்டை இறுக்கிவிடுவார்கள். அது ஆடத்தான் வேண்டும். அடி விழுந்ததும் சாய்ந்து அதிர்ந்தால்தான் வேகம் தணியும். அசையவிடாமல் பிடித்தால் விளிம்பில் விரிசல் விடும். அதைவிடக் கள்ளத்தனமான சேதம் நடுத்துளையில் நடக்கும். உள்ளே இருக்கவேண்டிய பிளாஸ்டிக் ஸ்லீவ் (சிறு குழாய் உறை) தொலைந்திருக்கும், யாரும் கவனிப்பதில்லை. ஸ்டாண்டின் இரும்புக் கம்பி உரசி உரசி வட்டத் துளை சாவித் துவாரம்போல் நீண்டுவிடும். பிறகு அங்கிருந்தே பிளவு. ஸ்லீவும், சிம்பலுக்கு மேலும் கீழும் வைக்கும் ஃபெல்ட் வில்லையும் மலிவான சாமான்கள், பையில் உபரியாக நாலு கிடக்கட்டும். அவசரத்துக்கு பிளாஸ்டிக் டியூப் துண்டை வெட்டிச் செருகினாலும் போதும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு சர்ச்சில் சிம்பலைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பளபளத்தது, உண்மைதான். ஆனால் அப்படித் தேய்த்தால் கம்பெனியில் பூசி அனுப்பும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சும், முத்திரை எழுத்தும் சேர்ந்தே போகும். உயர்ரக சிம்பல் பெரும்பாலும் 80 சதவீதம் செம்பும் 20 சதவீதம் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். நிறம் மங்குவது அதன் இயல்பு. வாசித்து முடித்ததும் கைரேகையைத் துணியால் துடையுங்கள். அழுக்கு ஏறினால் பாத்திரம் கழுவும் சோப்பு நீர், பிறகு உடனே ஈரம் போகத் துடைப்பது. அவ்வளவுதான்.

டிரம்மின் வாயை மூடும் தோலான ஹெட்டைப் புதிதாக மாட்டும்போது, அதை இழுத்துப் பிடிக்கும் திருகுகளான ராடுகளில் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கார் சக்கரத்துக்கு நட்டு போடுவதுபோல, எல்லாவற்றையும் விரலால் திருகிவிட்டு, எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றுங்கள். இரண்டு ஹெட்டும் கழன்றிருக்கும் அந்த வேளையில் ஷெல்லை, அதாவது டிரம்மின் வெற்று உருளையை, கிரானைட் மேடைமேல் வைத்து உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டுப் பாருங்கள். விளிம்புக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் விளிம்பு சமமில்லை. எப்படி டியூன் செய்தாலும் நிற்காததற்கு அது காரணமாக இருக்கலாம். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்கிவிடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். ராடைத் திருகும் சாவியான டிரம் கீக்குப் பதில் கொறடு போட்டால் ராடின் சதுரத் தலை மழுங்கிவிடும்.

ஸ்னேர் என்பது கீழே கம்பிகள் பதிந்து சலசலக்கும் டிரம். அதன் கீழ் ஹெட் பொதுவாக 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், அதாவது 0.08 மில்லிமீட்டர்கூட இல்லை. மேல் ஹெட்டோ 10 மில் அளவில் இருக்கும். கடையில் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கி வந்து மாட்டினால் கம்பிகள் உயிரோடு பேசாது. ஸ்னேரைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஸ்டிக் பையைப் போடுகிறவர்களும் உண்டு!

பெடல் கீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி பிடித்துப் பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் குரோம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதற்குப் பயந்து பாலிதீனால் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மேலே போர்த்த ஒரு பழைய வேட்டி போதும்.