ஃபயர்ஃபிளை டிவிடியை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுவது எப்படி (எபிசோடு வரிசை குழம்பாமல்)

போன மழைக்காலத்தில் அலமாரியைத் துடைக்கும்போது ஃபயர்ஃபிளை என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் டிவிடி பெட்டி கையில் கிடைத்தது. நாலு தட்டு, 14 எபிசோடு. என் லேப்டாப்பில் டிவிடி டிரைவே கிடையாது. யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, ஜெல்லிஃபின் (கணினியில் இருக்கும் வீடியோக்களை டிவியில் காட்டும் மென்பொருள்) வழியாக டிவியில் ஓடவிட்டேன். ஏற்றியது ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. வரிசையைச் சரிசெய்யத்தான் மூன்று வாரம் ஆனது, அதுவும் தங்கச்சி ஒரு கேள்வி கேட்ட பிறகு:

"ஏண்ணா, அந்த டாக்டரும் அவன் தங்கச்சியும் கப்பல்ல ஏறுறதே பதினோராவது எபிசோடுலதான் காட்டுவாங்களா?"

அந்தக் கூத்தைக் கீழே சொல்கிறேன். முதலில் வேலை.

1. தட்டு எந்த மண்டலம்?

பெட்டியின் பின்பக்கம் சின்ன பூகோளத்துக்குள் ஒரு எண் இருக்கும். தட்டு உலகின் எந்தப் பகுதிக்கானது என்று சொல்லும் மண்டல எண் அது. அமெரிக்கப் பதிப்பு 1, நம் ஊர் 5. டிரைவின் மண்டலத்தை விண்டோஸில் மாற்றலாம், ஆனால் மொத்தம் ஐந்தே தடவைதான். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பூட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றி மாற்றி விளையாடாதீர்கள். வெளிநாட்டுத் தட்டுகள் நிறைய வைத்திருந்தால், அதற்கென்று மலிவான இரண்டாவது டிரைவ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய தட்டு, சொந்த வீட்டில் பார்க்க: அதற்கு மட்டும்தான் இந்தப் பதிவு. தட்டைப் படியெடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மேக்எம்கேவி

தட்டில் இருக்கும் வீடியோவைக் கோப்பாக எடுத்துத் தரும் மென்பொருள் இது. வேறு எதுவும் தேட வேண்டாம். தட்டைப் போட்டு, திறந்து, 40 நிமிடத்துக்கு மேல் நீளமுள்ளவற்றை மட்டும் டிக் செய்து சேமியுங்கள். எபிசோடுகள் சுமார் 44 நிமிடம், முதல் எபிசோடு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். எல்லா எபிசோடும் ஒட்டிய ஒரே நீளக் கோப்பு எந்தத் தட்டிலாவது தென்பட்டால், அதை விட்டுவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கோப்பைச் சுருக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். இரட்டை அடுக்குத் தட்டு ஒன்றின் கொள்ளளவே 8.5 ஜிபிதான், நாலையும் அப்படியே வைத்தாலும் 34 ஜிபியைத் தாண்டாது. சுருக்கியே தீருவேன் என்பவர்கள் டீடெலிசின் வடிப்பானை மறக்க வேண்டாம். இது ஃபிலிமில் நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த தொடர். அமெரிக்க டிவிடிக்காக அதை 30க்கு நீட்டியிருப்பார்கள். அதை அவிழ்க்காமல் சுருக்கினால், கப்பல் நகரும் காட்சிகளில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும்.

3. பெயர் வைப்பது

மேக்எம்கேவி தரும் கோப்பு எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓடவிட்டு எது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடி தட்டுகளின் வரிசை இது:

தட்டு 1: செரினிட்டி, தி ட்ரெயின் ஜாப், புஷ்வேக்ட்
தட்டு 2: ஷிண்டிக், சேஃப், அவர் மிஸஸ் ரெனால்ட்ஸ், ஜெயின்ஸ்டவுன்
தட்டு 3: அவுட் ஆஃப் கேஸ், ஏரியல், வார் ஸ்டோரீஸ், ட்ராஷ்
தட்டு 4: தி மெசேஜ், ஹார்ட் ஆஃப் கோல்டு, ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்

இதே வரிசையில் எஸ்01ஈ01 முதல் எஸ்01ஈ14 வரை பெயர் வையுங்கள். கோப்பில் எஸ், ஈ இரண்டையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இல்லையென்றால் ஜெல்லிஃபினுக்குப் புரியாது.

4. நான் விழுந்த குழி

மேலே சொன்னபடிதான் நானும் பெயர் வைத்தேன். ஜெல்லிஃபினைத் திறந்தால் முதல் எபிசோடின் பெயர் "தி ட்ரெயின் ஜாப்" என்று காட்டுகிறது; அமுக்கினால் ஓடுவது செரினிட்டி. பதினான்கில் முக்கால்வாசி இப்படித்தான். சரி, நாம்தான் தப்பாகப் பெயர் வைத்துவிட்டோம் என்று நினைத்து, உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பையும் திரையில் காட்டும் பெயருக்கு ஏற்றபடி மாற்றினேன். எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது. அந்த வரிசையிலேயே தங்கச்சியோடு பார்க்கவும் ஆரம்பித்தேன்.

நான் செய்தது, 2002இல் ஃபாக்ஸ் சேனல் செய்த அதே காரியம். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் முதல் எபிசோடாக எடுத்தது செரினிட்டி. கப்பலில் யார் யார், அந்த டாக்டர் ஏன் ஒளிந்து வருகிறான், எல்லாம் அதில்தான் விளங்கும். சேனல் அதை முதலில் போட மறுத்ததால், ஒரே வார இறுதியில் தி ட்ரெயின் ஜாப் எழுதப்பட்டு, செப்டம்பர் 20 அன்று அதுதான் முதலில் ஒளிபரப்பானது. செரினிட்டி வந்தது டிசம்பர் 20, பதினோராவதாக. தொடரை அதற்குள்ளேயே நிறுத்தியாயிற்று. ட்ராஷ், தி மெசேஜ், ஹார்ட் ஆஃப் கோல்டு மூன்றும் அப்போது ஒளிபரப்பாகவே இல்லை. 2003 டிசம்பரில் டிவிடி வந்தபோதுதான் 14 எபிசோடும் எடுத்தவர்கள் நினைத்த வரிசையில் சேர்ந்தன. அந்த டிவிடி விற்ற விற்பனைதான் 2005இல் சினிமாவாக வரவும் வழி செய்தது. அப்படிப்பட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சேனலின் வரிசைக்குத் திரும்பிப் போயிருக்கிறேன்.

தப்பு கோப்பில் இல்லை. ஜெல்லிஃபின் தகவல் எடுக்கும் தளம் ஒளிபரப்பு வரிசையை வைத்திருந்தது, அவ்வளவுதான். மாற்றும் வழி:

டாஷ்போர்டில் பிளக்இன் பட்டியலுக்குப் போய் தி டிவிடிபி (தொடர்களின் தகவல் வைத்திருக்கும் இன்னொரு தளம்; டிவிடி அல்ல) பிளக்இன்னை நிறுவி, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். லைப்ரரி அமைப்பில், தகவல் எடுக்கும் இடங்களில் அதை டிக் செய்து மேலே நகர்த்துங்கள். பிறகு தொடரின் பக்கத்தில் மூன்று புள்ளியை அமுக்கி, மெட்டாடேட்டா (எபிசோடு பெயர் முதலிய தகவல்) திருத்தத்தில் "டிஸ்ப்ளே ஆர்டர்" என்பதை டிவிடி என்று மாற்றிச் சேமியுங்கள். கடைசியாக மெட்டாடேட்டாவைப் புதுப்பிக்கும்போது "எல்லாவற்றையும் மாற்று" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் முதல் தடவை வெறுமனே புதுப்பித்தேன். பழைய பெயர்கள் அப்படியே நின்றன, இதுவும் வேலைக்காகவில்லை என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் போனது அதில்தான்.

ஜெல்லிஃபினுக்குப் பதில் பிளெக்ஸ் என்ற மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம்: தொடரைத் திருத்தும் பக்கத்தில் "அட்வான்ஸ்ட்" பகுதியில் எபிசோடு வரிசை என்று இருக்கும், அதில் டிவிடி வரிசையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனாலும் எனக்கு ஜெல்லிஃபின்தான்; வீட்டுக்குள் இருக்கும் கோப்பைப் பார்க்க வெளியில் ஒரு கணக்கு எதற்கு?

சேர்த்தது 1: ப்ளூ-ரே வைத்திருக்கும் ஒருவர் தட்டுக் கணக்கு ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தார். 2008இல் வந்த ப்ளூ-ரே மூன்றே தட்டு, அதனால் மேலே உள்ள பிரிப்பு பொருந்தாது. 1 முதல் 14 வரை வரிசை அதேதான். மண்டலமும் எண் இல்லை, எழுத்து: அமெரிக்கா ஏ, இந்தியா சி.

சேர்த்தது 2: "வசனத்துக்குப் பதில் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று இன்னொருவர். அது பழுது இல்லை, எடுத்தவர்களும் நடித்தவர்களும் எபிசோடைப் பற்றிப் பேசும் உரைத் தடம். சில எபிசோடுகளில் மட்டும் உண்டு. மேக்எம்கேவியில் எபிசோடின் பக்கத்து அம்புக்குறியை விரித்தால் ஒலித்தடங்கள் வரிசையாகத் தெரியும். வேண்டாததன் டிக்கை எடுத்துவிடலாம். ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ் எபிசோடுக்கு மட்டும் எடுக்காதீர்கள். அதில் வீடன் தனியாக உட்கார்ந்து பேசியிருப்பதை, தொடரை முடித்த அன்று ராத்திரியே கேட்டுவிடுங்கள்.