"பாப்பாவுக்கு ஒரு வேலை பாத்துச் சொல்லும்மா" என்று கேட்டால் என்ன செய்வது? ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு செய்முறை

பெங்களூரில் ஓர் ஆபீஸில் நாலைந்து வருடம் தாக்குப்பிடித்துவிட்டால் போதும், காய்கறி வாங்கப் போன இடத்தில்கூட யாராவது ரெஸ்யூமேவை நீட்டுவார்கள். எனக்கு அது பூக்கடையில் நடந்தது. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் நான் வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்காரர், "ஏம்மா, பாப்பா பி.காம். கடைசி வருஷம். உங்க ஆபீஸ்ல ஏதாவது இருந்தா பாத்துச் சொல்லும்மா" என்றார். ரெண்டு முழம் மல்லிகையோடு நாலாக மடித்த ரெண்டு தாளும் கைக்கு வந்தது.

முன்பெல்லாம் அதை வாங்கி எங்கள் ஹெச்.ஆர். ஆளுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று இருந்துவிடுவேன். அப்படி அனுப்பிய ஒருவருக்கும் அழைப்பு வந்ததில்லை. இந்த முறை அந்தப் பெண்ணை ஞாயிறு காலை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆறு ஞாயிறு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். என்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். இதற்கு முன் யாருக்கும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லாதவர்களும் செய்யலாம். ஒரு நோட்டு, அவர்கள் கையில் இருக்கும் போன், முடிந்தால் ஒரு லேப்டாப். அவ்வளவுதான் தேவை.

ஞாயிறு 1: ரெஸ்யூமேவை ஓரமாக வையுங்கள்

படித்துப் பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். அது பெரும்பாலும் சீனியரிடமிருந்து காப்பி அடித்ததாக இருக்கும். சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் உழைப்பேன் என்று ஒரு பத்தி, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, கீழே உறுதிமொழி, கையெழுத்து. அதில் அந்தப் பிள்ளை எங்கும் இருக்க மாட்டாள்.

அதற்குப் பதில் நோட்டைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன ஒரு மாசத்துல அடுத்தவங்களுக்காக என்னென்ன வேலை செஞ்ச?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரை மணிவாரியாகக் கேட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அம்மாவுக்கு முடியாத நாளில் விடியற்காலை நாலரைக்கு அப்பாவோடு கே.ஆர். மார்க்கெட் போகிறாள். கன்னடத்தில் பேரம் பேசுகிறாள், தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கு. மாதக் கணக்கில் பூ வாங்கும் வீடுகளின் கடன் நோட்டு அவள் பொறுப்பு. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு பென்ஷன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள், ரெண்டு தடவை திருப்பி அனுப்பியதைச் சரிசெய்து மூன்றாவது தடவை வாங்கியும் கொடுத்திருக்கிறாள். அந்த ரெண்டு தாளில் இதில் ஒரு எழுத்துகூட இல்லை. மொழி என்ற இடத்தில் தமிழ், இங்கிலீஷ் என்று மட்டும் போட்டிருந்தாள். "கன்னடம் எங்க?" என்றால், "அது எல்லாருக்கும் தெரியுமேக்கா" என்கிறாள்.

முதல் நாள் திருத்தாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். எழுதிக்கொள்வது மட்டும்தான்.

ஞாயிறு 2: பத்து விளம்பரம், கோடு போட்டு எண்ணுங்கள்

நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ அவர்கள் படிப்புக்குப் பொருந்தும், அனுபவம் கேட்காத வேலை விளம்பரம் பத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்களோ, அதை நோட்டில் எழுதி, திரும்ப வரும்போதெல்லாம் ஒரு கோடு. நாலு கோடு, குறுக்கே ஒன்று, பால் கணக்கு மாதிரி.

நாங்கள் கணக்கு உதவியாளர் வேலைகளைப் பார்த்தோம். எக்ஸெல் ஒன்பது, டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) ஏழு, ஜிஎஸ்டி ஆறு, மெயில் எழுதத் தெரிவது ஆறு, கன்னடம் நாலு. புரோகிராம் எழுதும் மொழியான பைத்தான் ஒன்று. கூடப் படிக்கிறவர்கள் சேர்ந்தார்கள் என்று அவள் அடுத்த வாரம் ஒரு பைத்தான் வகுப்புக்குப் பணம் கட்டுவதாக இருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. கோடுகளைப் பார்த்துவிட்டு அவளே விட்டுவிட்டாள்.

எதைக் கற்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. எக்ஸெலில் முதலில் மூன்று போதும்: சம்இஃப் (நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டுவது), விலுக்அப் (பட்டியலில் தேடி எடுப்பது), பிவட் டேபிள் (வகைவாரியாகத் தொகுத்துக் காட்டுவது). டேலி நம்ம பெங்களூர் கம்பெனிதான். அதில் காசு கட்டாமல் பழகிப் பார்க்கக் கல்விப் பயன்முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும், பழகுவதற்கு அது போதும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று வந்தது என்பதெல்லாம் பரீட்சைக்கு. வேலைக்குத் தெரிய வேண்டியது, மாதாமாதம் தாக்கல் செய்பவர் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கின் சுருக்கமான 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் முடிக்க வேண்டும் என்பது. எந்தக் கணக்கு ஆபீஸிலும் அந்த ரெண்டு தேதிக்கு முந்தின நாள் யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. அவள் ஃபைலில் பதினொன்று இருந்தன, பாதிக்கு மேல் ஒரு மணி நேர வெபினார். ஆள் எடுக்கும் இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அவற்றை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. ஒன்று வேண்டும் என்றால், ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல் மாதிரி நேரில் போய்ப் பரீட்சை எழுதும் ஒன்றாக இருக்கட்டும். பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும்.

ஞாயிறு 3: ஒரு நிஜ ஆளுக்கு ஒரு சின்ன வேலை

இதுதான் மொத்தத்திலும் முக்கியமான படி. இதைத் தாண்டிப் போனால் மற்ற ஐந்தும் வெறும் ஒப்பனை.

கற்றதை வைத்து, காத்திருக்கும் ஒரு நிஜ மனிதருக்கு நாலு வாரத்தில் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். கல்லூரி புராஜெக்ட் கணக்கில் சேராது, அதைக் கேட்டு யாரும் காத்திருப்பதில்லை. வீட்டில் கடை இல்லை என்றால் தெருவில் உள்ள மெடிக்கல் ஷாப், மெஸ், அபார்ட்மென்ட் சங்கம், கோயில் கமிட்டி, ஏதாவது ஒன்று. சம்பளம் கேட்க வேண்டாம், ஆனால் எந்தத் தேதிக்குள் என்ன தருவேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட வேண்டும். அந்த ஒரு மெசேஜ்தான் இதை வேலையாக ஆக்குகிறது.

பூக்கடையையே எடுத்துக்கொண்டோம். எக்ஸெலில் ஏழு பத்தி: தேதி, பூ, வாங்கிய எடை, விலை, விற்ற தொகை, மிஞ்சியது, கடன். முதல் வாரம் மூன்று நாள் எழுத மறந்தாள். ரெண்டாவது வாரம் அப்பா எடையைச் சொல்லாமல் "ஒரு கூடை" என்றே சொன்னார். கூடைக்கு எத்தனை கிலோ என்று தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் கணக்கு நகர்ந்தது. இந்த மாதிரி சில்லறைத் தொல்லைகளை அவர்களே தீர்க்கட்டும். இன்டர்வியூவில் சொல்வதற்குக் கதை இங்கேதான் கிடைக்கிறது.

இருபத்தெட்டு நாள் கழித்துப் பிவட் டேபிள் போட்டால் பளிச்சென்று தெரிந்தது: செவ்வாயும் வெள்ளியும் எல்லாம் தீர்கிறது, புதனும் சனியும் மல்லிகை மிஞ்சுகிறது. பெருமையாக அப்பாவிடம் காட்டினாள். அவர் பூ தொடுப்பதை நிறுத்தாமலே, "இது எனக்குத் தெரியாதா பாப்பா?" என்றார். முகம் வாடிப்போய் என்னிடம் வந்தாள். நான் கடைசிப் பத்தியைக் கூட்டச் சொன்னேன். பதினாலு வீட்டுப் பாக்கி, 6,400 ரூபாய். அப்பா நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். மூன்று நோட்டில் சிதறிக் கிடந்ததால் அந்தத் தொகையை அவர் ஒரு தடவைகூட மொத்தமாகப் பார்த்ததில்லை. வீட்டுவாரியாகச் சீட்டுப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள், அந்த மாதமே 4,100 வசூலானது.

மூன்றாவது ஞாயிறுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இதற்காக நாலு வாரம் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு போன் போதும்.

ஞாயிறு 4: இப்போது ரெஸ்யூமே

ஒரே பக்கம். இடது, வலது என்று பிரிக்காமல் ஒரே பத்தி வரிசை. அழகான ரெண்டு பத்தி டிசைன், கட்டம், படம் எல்லாம் எடுத்துவிடுங்கள். நிறைய நிறுவனங்களில் முதலில் படிப்பது மென்பொருள், கட்டத்துக்குள் இருப்பதை அது தாறுமாறாகப் படித்துவைக்கும். அப்பா பெயர், மதம், திருமணமானவரா, உறுதிமொழி, எதுவும் வேண்டாம். ஆதார் எண்ணைப் போடவே கூடாது.

"கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன்" என்று இருந்த இடத்தில் நாங்கள் வைத்த வரியின் சாரம் இது: பூக்கடையின் 28 நாள் கொள்முதலையும் விற்பனையையும் எக்ஸெலில் பதிந்தேன், 14 வீடுகளின் 6,400 ரூபாய் பாக்கியைப் பிரித்துக் காட்டினேன், அதில் 4,100 ரூபாய் ஒரே மாதத்தில் வசூலானது. மொழி வரிசையில் கன்னடம் எழுதப் படிக்க, தெலுங்கு பேச என்று சேர்த்தோம். ஃபைல் பெயர் "ஃபைனல் ஃபைனல் 3" என்று இருந்தது, அதையும் அவள் பெயருக்கு மாற்றினோம். மெயில் ஐடியில் ஏஞ்சல் இருந்தாள், அவளையும் அனுப்பிவைத்தோம்.

ஞாயிறு 5: இரண்டு நிமிடம் பேசுவது

அன்று வீட்டில் விருந்தாளிகள், அதனால் அல்சூர் ஏரிக்கரைக்குப் போனோம். போனை ரெக்கார்டிங்கில் வைத்து, "உன்னப் பத்திச் சொல்லு" என்றேன். இங்கிலீஷில் பெயர், ஊர், அப்பா பெயர், கல்லூரி, அப்புறம் மௌனம். நாற்பது செகண்ட். அதில் "பேசிக்கலி" ஏழு தடவை.

முதலில் தமிழில் சொல்லவிடுங்கள். நாலு துண்டு: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, அதனால் என்ன ஆனது. தமிழில் கோவையாக வந்த பிறகு அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக மாற்றலாம். வாக்கியத்துக்கு ஆறேழு சொல் போதும். மனப்பாடம் செய்யவிடாதீர்கள், நடுவில் ஒரு கேள்வி கேட்டால் அறுந்துவிடும். பதில் உடனே வராவிட்டால், யோசிக்க ஒரு நிமிஷம் கொடுங்க சார் என்று கேட்கலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

பக்கத்தில்தான் வள்ளுவர் சிலை. பதினெட்டு வருடம் மூடியே வைத்திருந்து 2009-ல்தான் திறந்தார்கள். "அவரே அத்தனை வருஷம் கழிச்சுத்தான் வெளிய வந்தார், நீ ரெண்டு நிமிஷம் பேசுடி" என்றேன். சிரித்துவிட்டாள், அடுத்த ரெக்கார்டிங் பரவாயில்லாமல் வந்தது. ஐந்தாவதுதான் நன்றாக இருந்தது. ஐந்தையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஞாயிறு 6: அனுப்புவது, ஏமாறாமல் இருப்பது

எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினாள், பதில் என்ன என்று ஒரு ஷீட். உங்கள் ஆபீஸுக்குச் சிபாரிசு செய்வதாக இருந்தால் இப்போது செய்யுங்கள், இப்போதுதான் சொல்வதற்கு உங்களிடம் ஒரு விஷயம் இருக்கிறது.

அப்ரென்டிஸ் வாய்ப்புகளையும், அதாவது உதவித்தொகையோடு வேலை பழகும் இடங்களையும், பார்க்கச் சொல்லுங்கள். 1961-ஆம் வருடச் சட்டம், 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.காம்., பி.ஏ. முடித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. 2019 விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். பெங்களூர் வாடகைக்கு அது காணாது, ஆனால் வீட்டிலிருந்தே போய்வரும் பிள்ளைக்கு ஒரு வருட அனுபவம் பெரிது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: வேலைக்காக யாருக்கும் பணம் கட்டக் கூடாது, ஒரிஜினல் சான்றிதழை எங்கும் விட்டுவிட்டு வரக் கூடாது. தருமபுரியிலிருந்து நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு கன்சல்டன்சியில் 1,500 ரூபாய் கட்டினேன். அடுத்த வாரம் போனால் பூட்டு. கீழே டீக்கடைக்காரர், "இன்னைக்கு நீங்க ஆறாவது ஆள்மா" என்றார். இப்போது அதே வித்தை வாட்ஸ்அப்பில் நடக்கிறது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

அவள் முப்பத்தோரு இடத்துக்கு அனுப்பினாள். நாலு பதில், அதில் ஒரு இன்டர்வியூ. 3பி தேதி கேட்டார்களாம், சொல்லிவிட்டாள். அப்புறம் பேச்சு முழுக்கப் பூக்கடைதான். "புதன்கிழமை மிஞ்சுதுன்னு கண்டுபிடிச்சியே, அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டதற்கு, "அவருக்கு முன்னாடியே தெரியும் சார், எனக்குத்தான் தெரியல" என்றாளாம்.

பத்து நாள் கழித்து நன்றி சொல்லி, நிலவரம் கேட்டு ஒரு மெயில் அனுப்ப வேண்டும், எழுதிவிட்டு எனக்குக் காட்டு என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை பூ வாங்கப் போனபோது, "நேத்தே அனுப்பிட்டேன்க்கா" என்றாள்.