மாத்திரை முடியும் நாளும் உடம்பு தேறும் நாளும்: லைம் நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் வருஷா வருஷம் கொடுப்பது. போன வருஷம் அதில் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்து, தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். மகனுக்கு லைம் நோய்க்காக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்ததிலிருந்து 28ஆவது நாள் அது. அன்றோடு மாத்திரை முடிகிறது, மறுநாள் பையன் எழுந்து நடந்துவிடுவான் என்பது அவள் கணக்கு. அந்தத் தாளைக் கிழித்த அன்றும் அவன் வலது முழங்கால் வீங்கித்தான் இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் பண்ணி, "தம்பி, மருந்து பிடிக்கலடா" என்று அழுதாள்.

நான் தண்டையார்பேட்டையில் 22 வருஷமாக மருந்துக்கடை வைத்திருப்பவன். ஆன்டிபயாடிக் வாங்கிப்போகிற எல்லாரிடமும் இதே கணக்கைப் பார்க்கிறேன். ஐந்து நாள் மருந்து என்றால் ஆறாவது நாள் சரியாகிவிட வேண்டும். சிறுநீர்த் தொற்று மாதிரியானவற்றில் அது பெரும்பாலும் பலிக்கும். லைமில் பலிக்காது. கிருமி சாக எடுத்துக்கொள்ளும் நாள் வேறு, அது கலைத்துப்போட்ட உடம்பு பழையபடி திரும்ப எடுத்துக்கொள்ளும் நாள் வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போடுவதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளம்புகின்றன.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லைம் என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஊர். 1975 வாக்கில் அந்த வட்டாரத்தில் நிறையப் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியது. ஏன் என்று ஆராயப் போய்த்தான் இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. பொரேலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியாவைக் காட்டோரப் புல்லில் இருக்கும் ஒரு வகை உண்ணி கடித்து ஏற்றுகிறது. இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடித்ததே தெரியாது. 3 முதல் 30 நாளுக்குள், பத்தில் ஏழெட்டுப் பேருக்குத் தோலில் ஒரு சிவப்பு வட்டம் தோன்றி நாளுக்கு நாள் அகலமாகும். அந்த மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு அது கண்ணில் படவே இல்லை. பல மாதம் கழித்து முழங்கால் பந்து மாதிரி வீங்கிய பிறகுதான் தெரிந்தது. அங்கே மருந்தை ஆரம்பித்து, பாதிக் கோர்ஸில் விடுப்பு போட்டு ஊருக்கு வந்தான்.

ஆரம்பத்திலேயே பிடித்தால் 10 முதல் 14 நாள் மாத்திரை போதும். நரம்பையோ இதயத்தையோ தொட்டிருந்தால் 14 முதல் 21 நாள். மூட்டு வீங்கியிருந்தால் 28 நாள். இவ்வளவும் மருந்துக்கான நாள்கள் மட்டுமே. உடம்பு அதற்குப் பிறகும் நேரம் கேட்கும். சீக்கிரம் சிகிச்சை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். 100 பேரில் 5 முதல் 10 பேருக்குக் களைப்பு, உடம்பு வலி, யோசனை மந்தப்படுவது எல்லாம் ஆறு மாதத்தையும் தாண்டி இழுக்கும். அவர்களிலும் பெரும்பாலோர் மெதுவாகத் தேறவே செய்கிறார்கள். மூட்டு வீக்கம் வற்றவும் மாதக்கணக்கில் ஆகலாம். இதை யாராவது முதல் நாளே அக்காவிடம் சொல்லியிருந்தால் அந்தச் சிவப்பு வட்டமே இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் நடந்த முதல் தவறு, பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டது. "எங்க வீட்டாளுக்கும் இதே உண்ணிக் காய்ச்சல்தான் வந்துச்சு. இதே மாத்திரைதான். ஏழே நாள்ல வேலைக்குப் போய்ட்டாரு. உம்புள்ள இன்னா இன்னும் படுத்துனுகீறான்?" என்று கேட்டார் எதிர்வீட்டம்மா. அவர் மேல் தப்பில்லை. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது ஸ்க்ரப் டைபஸை. அது வேறு கிருமி, பரப்புவதும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. டாக்ஸிசைக்ளின் உள்ளே போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஒரே மாத்திரை என்பதால் ஒரே நோய் ஆகிவிடாது. தெருநாய் மேல் இருக்கும் உண்ணியும் லைமைப் பரப்புவதில்லை. மனுஷரிடமிருந்து மனுஷருக்கும் ஒட்டாது. ஒரு வாரம் அவனுக்குத் தனித்தட்டு வைத்தார்கள். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தானே கழுவி வைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. மாத்திரை முடிந்த மூன்றாவது வாரம், என்னிடம் சொல்லாமல் ஒரு லேப்பில் திரும்ப டெஸ்ட் கொடுத்தார்கள். பாசிட்டிவ் என்று வந்தது. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது என்று வீடே இடிந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியை இல்லை, கிருமியை எதிர்த்து உடம்பு தயாரித்த ஆன்டிபாடியை. நோய் போன பிறகும் அது வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். டெங்கு வந்துபோன நம் ஆள்களுக்கு எப்போதோ வந்ததற்கு இப்போதும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ் காட்டுகிறதே, அதே மாதிரிதான். குணமாகிவிட்டதா என்று பார்க்க இந்த டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயன் இல்லை. காசு போவதைவிட, அந்த ஒரு வார்த்தை கிளப்பிவிடும் பயம்தான் பெரிய கெடுதல். அந்தப் பயத்தில்தான் ஆள் அடுத்த தவறுக்குப் போகிறார்.

அதுதான் மருந்தை நீட்டிக்கொண்டே போவது. இதை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவன் வந்தான். போனில் எதையோ காட்டி, "மாமா, இவங்க எல்லாம் ஆறு மாசம், ஒரு வருஷம் ஊசி போட்டுக்கிட்டுதான் சரியாச்சுன்னு சொல்றாங்க. செஃப்ட்ரையாக்சோன் ஊசி மருந்து நம்ம கடையில இருக்குல்ல? நம்ம தெரு நர்ஸக்கா போட்டு விடுறேன்றாங்க" என்றான். 34 வயதுப் பிள்ளை, வேலை போய்விடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 பதிவேட்டை எடுத்து அவன் முன்னால் விரித்து வைத்தேன். செஃப்ட்ரையாக்சோன் கொடுத்தால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை பாட்டில் என்று அதில் எழுதி மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். "இந்த வரியில எந்த டாக்டர் பேரை எழுதட்டும், சொல்லு" என்றேன். பதில் வரவில்லை.

பிறகு உட்காரவைத்துப் பேசினேன். ஆராய்ச்சியாளர்கள் இதைப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. 2001இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. சிகிச்சைக்குப் பிறகும் வலியும் களைப்பும் தீராதவர்களில் ஒரு பகுதியினருக்கு 30 நாள் ரத்தக்குழாய் வழியாகச் செஃப்ட்ரையாக்சோனும், தொடர்ந்து 60 நாள் டாக்ஸிசைக்ளினும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், மருந்தே கலக்காத போலி மருந்து. இரு தரப்பும் ஒரே அளவுதான் தேறினார்கள். 2016இல் நெதர்லாந்தில் 12 வார மாத்திரையை வைத்துச் சோதித்தபோதும் முடிவு அதேதான். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: போலி மருந்து எடுத்தவர்களிலும் பலர் தேறியிருக்கிறார்கள். நீண்ட நாள் ஊசி போட்டுச் சரியானேன் என்பவர் பொய் சொல்லவில்லை. அந்த மாதங்கள் போயிருந்தால் ஊசி இல்லாமலும் அவர் தேறியிருக்க வாய்ப்பு உண்டு.

இதனால் வரும் கேடு கொஞ்சநஞ்சமில்லை. மாதக்கணக்கில் கையில் குழாய் சொருகி வைத்தால் அந்த வழியாகவே வேறு கிருமி ரத்தத்தில் ஏறும். செஃப்ட்ரையாக்சோன் பித்தப்பையில் கசடு கட்டும். குடலில் நல்ல பாக்டீரியா எல்லாம் செத்து, நிற்காத பேதி பிடிக்கும். நாள்பட்ட லைம் என்ற பெயரில் இப்படிச் சிகிச்சை எடுத்து உயிரை விட்டவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே எழுதியிருக்கிறது. மூட்டு வீக்கம் மட்டும் விதிவிலக்கு. 28 நாளுக்குப் பிறகும் வீக்கம் நன்றாக இருந்தால் டாக்டர் இன்னொரு கோர்ஸ் கொடுப்பது உண்டு. அதற்கு அப்புறமும் வற்றவில்லையென்றால் ஆன்டிபயாடிக்கை விட்டுவிட்டு வாதநோய் மருத்துவர் கொடுக்கும் வீக்க மருந்துகளுக்கு மாறுவார்கள். கிருமி போன பிறகும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் மூட்டிலேயே கொதித்துக்கொண்டிருப்பதுதான் அப்போது காரணம்.

"உடம்பு மோசமாகிறதா, அப்படியானால் மருந்து கிருமியைக் கொல்கிறது என்று அர்த்தம்" என்று ஒரு பேச்சும் உலவுகிறது. இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் ஆபத்து. மருந்து ஆரம்பித்த முதல் நாளில் சிலருக்குக் குளிரும் காய்ச்சலும் கூடும், ஒரு நாளில் அடங்கிவிடும். மூன்றாவது வாரத்தில் வரும் அரிப்பையோ பேதியையோ அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் உடனே வீக்கம் இறங்கும் என்று யாரோ சொல்ல, அக்கா அதற்கும் கிளம்பினாள். லைம் மூட்டுவீக்கத்தில் ஆன்டிபயாடிக் முடிவதற்கு முன்னால் அந்த ஊசி வேண்டாம். வீக்கம் இன்னும் நாள்பட்டுப் போகலாம்.

டாக்ஸிசைக்ளின் விழுங்குவதிலும் தவறு நடக்கிறது. அவன் படுக்கப்போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டு அப்படியே சாய்ந்துவிடுவான். நெஞ்சு எரிகிறது என்று சொன்ன பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடித்துவிட்டு அரை மணியாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெலுசில், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை அதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஏறாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெயிலும் ஆகாது. பத்து மணி வெயிலில் காசிமேட்டு மீன் ஏலம் பார்க்கப் போய், இரண்டு முழங்கையும் வெந்த மாதிரி சிவந்து திரும்பினான்.

அன்று நடந்ததில் வெயிலைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. காலையில் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்திருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு வீட்டிலிருந்து துறைமுகம் வரை நடந்தே போய், வஞ்சிரம் வாங்கி, பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அடுத்த மூன்று நாள் பாத்ரூமுக்குப் போவதே பாடாகிவிட்டது. தேறுகிற உடம்பு ஒரே சீராக ஏறிவராது. நல்ல நாள் ஒன்று கிடைத்தால் அதில் பாதியைச் செலவு பண்ணி, மீதியை மறுநாளுக்கு விட்டுவைக்க வேண்டும். இதற்கு நேர் எதிர்த் தவறு, வலிக்கு பயந்து கட்டிலோடு கிடப்பது. தொடைத் தசை கரைந்தால் முழங்காலுக்கு இன்னும் பாரம். ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை, வீக்கம் ஏறாத அளவுக்குத் தினமும் செய்ய வேண்டும்.

மிச்சம் இருக்கும் எல்லாத் தொந்தரவையும் லைம் தலையில் கட்டுவதும் நடக்கிறது. நாள்பட்ட லைம் என்ற சொல்லை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். நோய் உறுதியாகி, மருந்தும் முடிந்து, அதற்குப் பிறகும் தொந்தரவு தொடர்பவர்கள் ஒரு ரகம். லைம் இருந்ததற்கே ஆதாரம் இல்லாமல் களைப்புக்கும் வலிக்கும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் இன்னொரு ரகம். வலி இரண்டு பேருக்கும் உண்மைதான். ஆனால் தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, வாதம், தூக்கக் கோளாறு, மனச்சோர்வு என்று மருந்து இருக்கிற எத்தனையோ காரணங்கள் அந்தப் பெயருக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அக்கா மகனுக்கே பி12 மிகக் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்த பிறகு கை கால் மதமதப்பு விட்டது.

பொறுமையாக இருக்கச் சொன்னேன் என்று சிலவற்றில் பொறுமை காட்டிவிடாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தால், கழுத்து விறைத்துத் தலைவலி வந்தால், காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் பக்கம் ஸ்டான்லி இருக்கிறது. லைம் இங்கே அபூர்வம் என்பதால், எந்த நாட்டில் இருந்தீர்கள், எந்த மருந்தை எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.

காலண்டர் வட்டத்துக்குப் பதிலாக அக்காவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். அவர்கள் வீட்டு மாடிப்படி 17. செங்குத்தான, கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய படி. வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், அவன் எத்தனை இடத்தில் நின்று ஏறுகிறான் என்று எழுதச் சொன்னேன். நேற்றோடு இன்றை ஒப்பிடக் கூடாது, போன மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. முதல் பக்கத்தில் "5 தடவை நின்னான், வேர்த்துது" என்று இருக்கிறது. இரண்டாம் மாதம் 3. நடுவில் ஒரு வாரம் திரும்பவும் 4. நாலாம் மாதம் 1. அதன் பிறகு ராபின்சன் பூங்காவில் எத்தனை சுற்று என்று கணக்கு மாறுகிறது. ஏழாம் மாதத்துக்கு அப்புறம் பக்கங்கள் காலி. அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். மழைநாளில் முழங்கால் லேசாகப் பிடிக்கிறதாம், போனில் சொன்னான்.