மனச்சிதைவு மருந்துகளின் கடும் எதிர்விளைவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சாபின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்பவரின் உடலில் தோன்றும் எந்த மாற்றத்தையும் மனநோயின் கணக்கிலேயே எழுதிவிடுவதுதான், குடும்பத்தினரும் சில வேளைகளில் மருத்துவர்களும் செய்யும் முதன்மையான தவறு.

மருந்தைத் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்து, கைகால்கள் மடக்க முடியாதபடி விறைத்து, வியர்வை கொட்டி, நினைவு தடுமாறினால், அது நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்னும் நிலையாக இருக்கலாம். அரிதானது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. பாராசிட்டமால் கொடுத்து மறுநாள் வரை காத்திருப்பதும், 'மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமே' என்று அஞ்சி அடுத்த வேளையையும் கொடுப்பதும் பேராபத்தில் முடியும். மற்ற நேரங்களில் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்பது சரிதான். இங்கே அடுத்த வேளையைக் கொடுக்காமல், தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். தசைகள் சிதைவதால் ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்னும் தசை நொதி பன்மடங்கு உயர்ந்து சிறுநீரகம் பழுதடையக்கூடும் என்பதால், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவதும் உடலைக் குளிர்விப்பதும் அங்கே முதலில் நடக்கும். மாதம் ஒருமுறை போடும் ஊசியைப் போட்டிருந்தால் மருந்து வாரக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும்; ஊசி போட்ட தேதியைச் சொல்ல மறக்கக் கூடாது.

இந்த மருந்துகளால் கழுத்து திருகிக்கொள்வதையும் கண்கள் மேலே செருகி நிற்பதையும் நடிப்பென்றும் பேய் பிடித்ததென்றும் எண்ணிப் பொழுதைக் கழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புரோமெதசின் ஊசி ஒன்று பெரும்பாலும் அதைத் தளர்த்திவிடும். தொண்டை இறுகினால் மூச்சே தடைபடலாம்.

என்னை மிகவும் வருத்துவது அகதீசியா, அதாவது இந்த மருந்துகளால் வரும், ஓரிடத்தில் இருக்கவிடாத தவிப்பு. உட்காரவே முடியாமல் இரவெல்லாம் நடப்பவரைப் பார்த்து 'நோய் முற்றிவிட்டது' என்று அளவைக் கூட்டினால், தவிப்பு மேலும் பெருகும். அந்தத் தவிப்பில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வரலாம். 'உள்ளுக்குள் பதைப்பாக இருக்கிறதா?' என்று அவரிடமே கேட்க வேண்டும்.

குளோசாபின் என்னும் மனச்சிதைவு மருந்தின் நிலை தனி. 1975-இல் பின்லாந்தில் வெள்ளணுக்கள் குறைந்து நோயாளிகள் இறந்தபின்தான் அதற்கு ரத்தப் பரிசோதனை கட்டாயமாயிற்று. முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் செய்யும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும், தொண்டைவலியோடு வரும் காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்குவதும் தவறு. அன்றே வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் அற்பமென்று விடலாகாது, குடல் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. குளோசாபின் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்காமல், மருத்துவரிடம் கேட்டு 12.5 மில்லிகிராமிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.