பழைய கேம் கொன்சோலின் வீடியோ வெளியீட்டை மாற்றிய பின் படம் பிசகினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நிண்டெண்டோ, செகா கொன்சோல்களுக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் செல்லும் முறை) அல்லது எச்டிஎம்ஐ வெளியீடு பொருத்தி முடித்து, ஆவலோடு மின்னைப் போட்டதும் திரையில் கோடுகளோ, வெளிறிய நிறங்களோ, குலைந்த எழுத்துகளோ தெரிந்தால், பெரும்பாலானோர் உடனே சோல்டரிங் அயனைத்தான் கையில் எடுக்கிறார்கள். மற்றத் தவறுகள் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் விளைவிப்பது இதுவே. முப்பது வயதைக் கடந்த சுற்றுப்பலகையில் ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்ப உருக்கினால், செப்புத் தடத்தைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பசை தளர்ந்து, தடம் உரிந்து வந்துவிடும். முதலில் இருந்த சிறு பிழையோடு இரண்டாவதாக ஒரு பெரிய பிழையும் சேர்ந்துகொள்ளும். திரையைக் கூர்ந்து பார்த்தாலே பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பதால், மூடியைத் திறப்பதற்கு முன் சற்று நேரம் பார்ப்பதற்குச் செலவிடுங்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றைத்தான். காட்சி நகரும்போது பிழையும் அதனோடு நகர்கிறதா, அல்லது திரையில் ஒரே இடத்தில் நிற்கிறதா? கதாநாயகன் வலப்புறம் ஓட, பின்னணி இடப்புறம் நகரும் ஒரு விளையாட்டைப் போட்டு இதைச் சோதிக்கலாம். பின்னணி ஓடியும் கோடுகள் கண்ணாடியில் வரைந்தவை போல் அசையாமல் நின்றால், படம் உருவான பிறகே பிழை நுழைகிறது. பெருக்கிச் சுற்று, கேபிள், மின்வழங்கி, தொலைக்காட்சி ஆகியவற்றில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோடுகள் பின்னணியோடு சேர்ந்து ஓடினால், அல்லது தவறான கட்டங்களும் பாதி மறைந்த உருவங்களும் தெரிந்தால், படம் உருவாகும் இடத்திலேயே, அதாவது கசெட்டிலோ, வீடியோ நினைவகத்திலோ, அவற்றை இணைக்கும் தடங்களிலோ பழுது இருக்கிறது. வெளியீட்டுப் பக்கத்தில் பொருத்திய சாதாரண ஆர்ஜிபி பெருக்கியால் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக மாற்ற முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல், குலைந்த எழுத்துகளுக்காகப் பெருக்கிச் சிப்பை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

1983இல் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகொம், அதன் பின்னர் வந்த என்இஎஸ் ஆகியவற்றில் இந்த வேறுபாடு மிக அழகாகப் புலப்படும். இவற்றின் படச்சிப்பாகிய பிபியு, எல்லா நிறங்களும் ஒரே வயரில் கலந்து செல்லும் கொம்போசிட் சமிக்ஞையை மட்டுமே தருவதால், ஆர்ஜிபி வேண்டுமென்றால் நாற்பது கால்கள் கொண்ட அந்தச் சிப்பைக் கழற்றி, இடையில் ஒரு துணைப்பலகையைப் பொருத்த வேண்டும். கழற்றும் வேளையில் துளையின் உட்பூச்சு ஏதேனும் ஒரு காலோடு உரிந்து வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பின்னணிப் படம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்தின் ஒரு வரி இரண்டு பைட்டுகளாகப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட் ஒரு புள்ளிக்குரியது. ஆகவே எட்டுத் தரவுக் கோடுகளில் ஒன்று அறுந்தால், எல்லாக் கட்டங்களிலும் அதே இடத்தில் ஒரு புள்ளி அகலத்தில் செங்குத்துக் கோடு விழும். கூடவே பல இடங்களில் தவறான கட்டங்களும் தோன்றும். அதே எட்டுக் கோடுகள் முகவரியின் கீழ்ப்பகுதியையும் சுமக்கின்றன, அந்த முகவரியை 373 வகை லாட்ச் சிப் ஒன்று பிடித்து வைக்கிறது என்பதால், அந்தச் சிப்பின் கால் வரையிலும் மல்டிமீட்டரால் தொடர்ச்சியைச் சோதிப்பது அவசியம்.

இந்தக் கோடுகளைச் ‘சிறைக்கம்பி’ என்று இத்துறையினர் அழைக்கும் வேறொரு கோளாறோடு குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஃபேமிகொமிலும் செகாவின் மெகா டிரைவிலும் நன்கு அறியப்பட்ட சிறைக்கம்பிகள் மங்கலான, சீரான இடைவெளி கொண்ட செங்குத்துக் கோடுகள்; நீல வானம் போன்ற ஒரே நிறப் பரப்பில் நன்றாகத் தெரியும்; பின்னணி ஓடினாலும் அவை அசைவதில்லை. கடிகாரத் துடிப்பும் நிறத் துணை அலையும் அருகிலுள்ள வீடியோ தடங்களுக்குள் கசிவதே இதற்குக் காரணம். புதிதாகப் பொருத்திய வயர்களைக் கடிகாரத் தடங்களுக்கு மேலாக நீளமாக இழுத்துவிடுவது இந்தக் கசிவைக் கூட்டிவிடும். வயர்களைக் குட்டையாக்கி, நிலத்தோடு இணைந்த உறையுள்ள வயரைப் பயன்படுத்தி, பெருக்கிச் சிப்பின் மின்காலுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்த பிறகும் கோடுகள் நீங்காவிட்டால்தான் மற்ற வழிகளைத் தேட வேண்டும்.

இங்கே நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்று வாங்கி விளையாடிய பெட்டிகளில் பல ஃபேமிகொமின் நகல்கள். அவற்றில் எல்லாச் சுற்றுகளையும் ஒரே சிப்பில் அடக்கி, கறுப்புப் பசைத்துளியால் மூடியவை உண்டு. கழற்றுவதற்குத் தனியான பிபியு அவற்றில் கிடையாது. எவ்வளவு அன்போடு முயன்றாலும் அந்தத் துணைப்பலகை அவற்றில் பொருந்தாது. பலகையை வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

முன்னர் சொன்ன விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு, எண்ணியல் சமிக்ஞையை நேரடியாக எடுக்கும் எச்டிஎம்ஐ மாற்றங்கள். நிண்டெண்டோ 64இல் படச்செயலியிலிருந்து வெளியீட்டுச் சிப்புக்கு ஏழு தரவுக் கோடுகள் செல்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் அதே ஏழு கோடுகளில் முறைவைத்துப் பயணிக்கின்றன. இந்தக் கோடுகளில் ஒன்றுக்குரிய ஈயம் சரியாகப் பிடிக்காவிட்டால், ஒரு நிறம் மட்டும் கெடாமல் மூன்றும் ஒரே விதமாகக் கெடும். மிக உயர்ந்த பிட்டுக்குரிய கோடு விடுபட்டால் பிரகாசமான பகுதிகள் திடீரென இருண்டு, முகங்களிலும் வானத்திலும் தீவுகள் போன்ற திட்டுகள் தெரியும். மிகத் தாழ்ந்த பிட்டு விடுபட்டால் நிறங்களில் அநேகமாக எந்த மாற்றமும் தெரியாது. ஆகவே சிவப்பு மட்டும் இல்லாமல் போன நிண்டெண்டோ 64இல் இந்த ஏழு கோடுகளையும் ஒவ்வொன்றாக மறுபடி உருக்குவதில் பயனில்லை. பிழை அதற்குப் பின்னால் உள்ளது.

மின்வழங்கியைக் கடைசியில் சந்தேகிப்பது

கொழும்பில் இருக்கும் பழைய கொன்சோல்களில் பல உறவினர்கள் மூலமாக வந்தவை. டொரன்டோவிலிருந்து மாமா அனுப்பியதும் லண்டனிலிருந்து சித்தி கொண்டுவந்ததும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே வேறுபட்டவை. கனடாவிலிருந்து வந்ததன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானிலிருந்து வந்ததன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் உரியது. நமது 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் அது எரிந்துவிடும். இதை அறிந்தவர்கள்கூட, மாற்றாகக் கிடைக்கும் ஏதோ ஓர் அடாப்டரைச் செருகிவிட்டு, திரையில் ஓடும் பட்டைகளுக்கு வீடியோ பலகையைக் குற்றம் சொல்கிறார்கள். ஃபேமிகொம், சுப்பர் ஃபேமிகொம், முதல் மெகா டிரைவ் ஆகியவற்றின் செருகியில் நடுமுனை எதிர்மின். இரண்டாம் மெகா டிரைவில் நடுமுனை நேர்மின். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் சிறு வரைபடத்தைப் பார்க்காமல் செருகக் கூடாது.

பழைய டிரான்ஸ்ஃபோமர் அடாப்டரில் வடிகட்டும் கெப்பாசிட்டர் வலுவிழந்தால், நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் அலையாக உள்ளே நுழையும். லண்டனிலிருந்து வந்த 50 ஹெர்ட்ஸ் கொன்சோலில் அது இரண்டு அகலமான மங்கல் பட்டைகளாகத் தெரிந்து மெதுவாக மேலோ கீழோ நகரும். டொரன்டோவிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் கொன்சோலில் அதே கோளாறு பட்டையாக அல்லாமல் படபடக்கும் மினுக்கமாகத் தெரியும். எச்டிஎம்ஐ பலகை கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதால், முன்பு தாக்குப்பிடித்த அடாப்டர் இப்போது தளரவும் கூடும். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 5 வோல்ட் தடத்தை அளந்து பாருங்கள். 4.75க்குக் கீழே இறங்கினால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு இறக்கிச் சீராக்க 7805 என்ற சிப் இருக்கும் கொன்சோல்களில், அதற்குள் வரும் மின் ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேபிளும் ஒத்திசைவும்

படம் கண்கூசும் அளவுக்கு வெளிறியோ மிக இருண்டோ இருந்தால், பெருக்கியைத் தொடாதீர்கள். கேபிளைத் திறந்து பாருங்கள். வீடியோ சமிக்ஞை 75 ஓம் ஊடாகப் புறப்பட்டு 75 ஓம் முடிவில் பாதியாக, அதாவது ஏறத்தாழ 0.7 வோல்ட்டாக, தொலைக்காட்சியை அடைய வேண்டும். ஒரு முனையில் 75 ஓம் விடுபட்டால் படம் வெளிறும்; தேவையற்ற ஒன்று கூடினால் இருளும். சுப்பர் நிண்டெண்டோவில் இது வழக்கமான பொறி. என்டிஎஸ்சி வகைக்கு (வட அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றின் தொலைக்காட்சி முறை) ஆர்ஜிபி கோடுகளில் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தொடராக வேண்டும். ‘பால்’ வகைக்கு (பிரிட்டன், இலங்கை ஆகியவற்றின் முறை) கெப்பாசிட்டர் இல்லாமல், நிலத்துக்கு 75 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். இதைவிட ஆபத்தானது, அமெரிக்க வகையில், படத்தைத் திரையில் உரிய இடத்தில் நிறுத்தும் ஒத்திசைவுச் சமிக்ஞை வரும் மூன்றாம் முனையில் ஐரோப்பிய வகை 12 வோல்ட்டைத் தருவதாகும். டொரன்டோ கொன்சோலுக்கான கேபிளை லண்டன் கொன்சோலில் செருகினால், தொலைக்காட்சியின் ஒத்திசைவு வாயிலுக்குள் அந்த 12 வோல்ட் போய்விடலாம்.

அந்த 220க்குப் பதிலாகக் கையில் கிடைத்த 22 மைக்ரோஃபாரட்டைப் போடுவதும் நடக்கிறது. மொத்தம் 150 ஓம் தடையோடு 220 மைக்ரோஃபாரட் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை மட்டுமே குறைக்கும். 22 போட்டால் அந்த எல்லை 48 ஹெர்ட்ஸுக்கு ஏறி, திரை புதுப்பிக்கும் வேகத்தையே தொட்டுவிடும். விளைவாக, ஒரே நிறமாக இருக்க வேண்டிய பரப்பு மேலிருந்து கீழாகச் சாய்ந்து நிறம் மாறித் தெரியும்.

ஒத்திசைவுக்குக் கொம்போசிட் வீடியோவையே பயன்படுத்தும் மலிவான கேபிள்களில், அந்தச் சமிக்ஞை பக்கத்து ஆர்ஜிபி வயர்களுக்குள் கசிந்து, சதுரங்கப் பலகை போன்ற நுண்ணிய கட்டங்களைப் படமெங்கும் பரப்பும். தனி ஒத்திசைவுக் கோடு, அது இல்லாவிட்டால் லூமா (நிறமின்றி வெளிச்சத்தை மட்டும் சுமக்கும்) கோடு, ஒவ்வொரு வயருக்கும் தனி உறை ஆகியவையே தீர்வு. தனி ஒத்திசைவைச் சிப்பிலிருந்து நேரே எடுப்பவர்கள் அது 5 வோல்ட் அளவில் இருக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. தொடராக 470 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 75 ஓம் முடிவில் அது 0.7 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

படம் உருள்வதும் நிறம் இழப்பதும் கொன்சோலின் பிழையே அல்லாமலும் இருக்கலாம். 1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலந்தொட்டு இலங்கையின் வண்ணத் தொலைக்காட்சி ‘பால்’ முறையில் அமைந்தது. அந்த முறையை மட்டும் அறிந்த பழைய பெட்டியில் டொரன்டோ கொன்சோலின் கொம்போசிட் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது இயல்பு. புதிய தட்டைத் திரைகளில் சிக்கல் வேறு. பழைய கொன்சோல்கள் அனுப்பும் 240 கோட்டு முழுப்படத்தை, இடைவிட்டு வரும் 480 கோட்டுப் படம் என்று சில தொலைக்காட்சிகள் தவறாக எடுத்துக்கொண்டு, ஓடும் உருவங்களின் விளிம்புகளைச் சீப்பின் பற்கள் போல் கிழிக்கும். என்இஎஸ்ஸின் வேகம் சரியாக 60 அல்ல, ஏறத்தாழ 60.1 ஹெர்ட்ஸ் என்பதால், சில திரைகள் படத்தை ஏற்கவே மறுக்கும். இன்னொரு திரையில் பார்க்காமல் கொன்சோலைப் பழுது என்று முடிவுகட்டாதீர்கள். பழைய கொம்போசிட் வெளியீட்டை அகற்றாமல் விட்டிருந்தால் இந்த ஒப்பீடு எளிது. அதற்காகவே அதை விட்டுவைக்கும்படி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் கசெட் முனைகளைக் கறுக்கச் செய்கின்றன. மாற்றத்துக்குப் பின் புதிதாகத் தோன்றும் குலைந்த கட்டங்களுக்கு, கழற்றிப் பூட்டியபோது அசைந்த இந்த முனைகளே காரணமாக இருக்கலாம். ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பஞ்சும் போதும், மண்ணெண்ணெய் வேண்டாம். புறக்கோட்டைக் கடைகளில் தகர வேலைக்கென விற்கும் அமிலப் பசையைச் சுற்றுப்பலகையில் பூசவே கூடாது: வேலை செய்த அன்று படம் தெளிவாக இருக்கும், ஆனால் எஞ்சிய பசை ஈரத்தை இழுத்துச் செப்பை அரித்து, சில மாதங்களில் புரியாத கோளாறுகளைக் கொண்டுவரும். இலத்திரனியல் வேலைக்குரிய ரெசின் ஃபிளக்ஸைக் கேட்டு வாங்குங்கள். அதன் எச்சத்தையும் துடைத்துவிடுங்கள்.

தடம் உண்மையிலேயே உரிந்திருந்தால், உரிந்த இடத்தில் ஈயத்தைக் குவித்து ஒட்ட முயலாமல், அந்தத் தடம் சென்று சேரும் அடுத்த துளையையோ சிப்பின் காலையோ மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, அங்கிருந்து மெல்லிய காப்பிட்ட வயர் ஒன்றைக் குறுக்கே இழுத்து இணைக்க வேண்டும். இணைத்த பிறகு அக்கம்பக்கத்துக் கால்களோடு தொடர்பு ஏற்பட்டிருக்கிறதா என்பதையும் சோதித்துவிட்டு, கேபிள்களை எல்லாம் செருகிய பின்னரே மின்னைப் போடுங்கள்.